நகரும் நிலமும் நகராத புத்தியும்

மலைக்கு 'அசலம்' என்று பெயர் வைத்தார்கள். அசலம் என்றால் அசையாதது என்று பொருள். பூமிக்கும் 'அசலை' என்று ஒரு பெயர் உண்டு. வேங்கடாசலம் என்றும், அருணாசலம் என்றும், ஹிமாசலம் என்றும் மலைகளுக்கும் பிள்ளைகளுக்கும் பெயர் வைத்துக் கொண்டு, அசையாத மலைமேல் அசையாத சாமி இருப்பதாக நம்பி வந்திருக்கின்றோம். ஆனால் நம் காலுக்கு அடியில் இருக்கும் இந்த நிலமோ, தோழர்கள் இந்த வரியைப் படித்துக் கொண்டிருக்கும் போதே வடகிழக்கு நோக்கி நகர்ந்து கொண்டிருக்கின்றது. வேகம் வருஷத்திற்குச் சுமார் 5 சென்டிமீட்டர். அதாவது நம் விரல் நகம் வளருகிற வேகத்தை விடச் சற்று அதிகம். இது எந்த ரிஷியும் ஞான திருஷ்டியால் கண்டு சொன்னதல்ல. ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களைக் கொண்டு மனிதன் அளந்து கண்ட கணக்கு.

இதை இன்று எழுத வேண்டிய அவசியம் என்னவென்றால், இந்த விஷயத்தில் இரண்டு கக்ஷியார் ஜனங்களைக் குழப்பி வருகிறார்கள். ஒரு கக்ஷியார், பூமியைப் பாம்பு தாங்குகிறது, பன்றி தூக்கியது என்று காலக்ஷேபம் செய்கிறவர்கள். அவர்களைப் பற்றி நம் வாசகர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மற்றொரு கக்ஷியார் நம்மவர்கள். நம் மேடைகளிலே நின்று கொண்டு, "கண்டங்கள் நகர்ந்தன என்று மேல்நாட்டு விஞ்ஞானியே ஒப்புக் கொண்டு விட்டான், ஆகவே குமரிக் கண்டம் மெய்யாகி விட்டது" என்று பேசிக் கைதட்டல் வாங்குகிறவர்கள். முதல் கக்ஷியாரைக் கேலி செய்ய நமக்குள்ள யோக்கியதை, இரண்டாவது கக்ஷியாரை நாம் தட்டிக் கேட்கிறோமா இல்லையா என்பதைப் பொறுத்தே இருக்கின்றது. ஆதலால் இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் கண்டங்கள் நகர்ந்தன என்பதற்கு என்ன ருஜு என்று பார்ப்போம்.

ஜெர்மனி தேசத்தில் ஆல்பிரட் வேகனர் என்று ஒருவர் இருந்தார். அவர் நிலநூல் பண்டிதர் அல்ல. மழை, காற்று, வானிலை இவற்றை ஆராய்கிறவர். அவர் 1912-ஆம் வருஷம் ஜனவரி மாதம் பிராங்பர்ட் நகரில் கூடிய நிலநூலார் சபையில், இன்றைக்குத் தனித்தனியாய் இருக்கும் கண்டங்கள் எல்லாம் ஒரு காலத்தில் ஒரே நிலமாய் இருந்து, பிறகு உடைந்து விலகிப் போயின என்று சொன்னார். 1915-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஒன்றோடொன்று பொருந்துவதை அவருக்கு முன்னும் பலர் பார்த்திருக்கிறார்கள். 1596-லேயே ஆர்ட்டீலியஸ் என்ற படம் வரைகிறவர் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் பார்ப்பது வேறு, ருஜுப்படுத்துவது வேறு. வேகனர் சாட்சிகளைக் கூட்டி வந்தார்.

ஒரு கிராமத்துப் பஞ்சாயத்தில் ஒரே சாட்சி வந்து சொன்னால் சந்தேகப்படலாம். ஒருவரையொருவர் அறியாத நான்கு பேர், நான்கு திசையிலிருந்து வந்து, ஒரே விஷயத்தைச் சொன்னால் என்ன செய்வது? இங்கே அப்படித்தான் நடந்தது.

முதல் சாட்சி ஓர் இலை. குளோசாப்டெரிஸ் என்று அதற்குப் பெயர். நாக்குப் போன்ற வடிவம் உடையது. நம் நாட்டு ராணிகஞ்சு, ஜாரியா சுரங்கங்களில் நிலக்கரியாய்ச் சமைந்து, ரயில் வண்டியில் எரிந்ததெல்லாம் பெரும்பாலும் இந்த இலைக் காடுகளின் மிச்சமே. இதே இலை தென் ஆப்பிரிக்காவிலும், தென் அமெரிக்காவிலும், ஆஸ்திரேலியாவிலும் கல்லில் பதிந்து கிடக்கின்றது. தென் துருவத்திற்குப் போய்த் திரும்புகையில் 1912-இல் பனியில் மாண்டு போன ஸ்காட் கூட்டத்தார், சாகிற நிலையிலும் கீழே போடாமல் இழுத்து வந்த சுமார் 16 கிலோ கற்களிலும் இந்த இலை இருந்தது. பனி மூடிய அண்டார்க்டிகாவில் இந்த மரம் எப்படி வளர்ந்தது? அத்தனை கடலையும் தாண்டி எப்படிப் போயிற்று?

இரண்டாவது சாட்சி பிராணிகள். மீசோசாரஸ் என்பது ஏறத்தாழ ஒரு கஜ நீளமுள்ள ஒரு நீர்ப் பல்லி. அதன் எலும்பு தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவின் தென் பாகத்திலும் மட்டுமே அகப்படுகின்றது. அட்லாண்டிக் சமுத்திரத்தை நீந்திக் கடக்கக்கூடிய ஜந்து அல்ல அது. லிஸ்ட்ரோசாரஸ் என்ற மற்றொரு தரைப் பிராணியின் எலும்பு தென் ஆப்பிரிக்காவிலும், நம் தாமோதர் நதிப் பள்ளத்தாக்கிலும் கிடைத்தது. 1969-இல் அண்டார்க்டிகாவிலும் கிடைத்தது. பன்றி போன்ற உடம்பும் குட்டைக் காலும் உடைய அது, எந்தக் கப்பலேறி அங்கே போயிற்று?

மூன்றாவது சாட்சி பனிக்கட்டி. ஒரிசாவில் தால்ச்சேர் என்ற இடத்தில், வெயில் கொளுத்துகிற பூமியில், பனியாறு இழுத்து வந்து போட்ட பாறைக் குவியல் இருப்பதை 1856-லேயே நிலநூலார் கண்டார்கள். ஏறத்தாழ 30 கோடி வருஷங்களுக்கு முற்பட்டது. பனிக்கட்டி உராய்ந்த கீறல்கள் கல்லின் மேல் இன்னும் இருக்கின்றன. இதே காலத்துப் பனிக் கீறல்கள் தென் ஆப்பிரிக்காவிலும், ஆஸ்திரேலியாவிலும், தென் அமெரிக்காவிலும் இருக்கின்றன. இன்றைய படத்தில் பார்த்தால் சில இடங்களில் பனி கடலுக்குள்ளிருந்து தரைமேல் ஏறி வந்தது போல் தோன்றும். கடலுக்குள்ளிருந்து பனியாறு ஏறி வருமா? இந்த நிலங்களையெல்லாம் தென் துருவத்தைச் சுற்றி ஒன்றாய்ச் சேர்த்து வைத்துப் பார்த்தால், கீறல்கள் யாவும் ஒழுங்காய்த் துருவப் பக்கமிருந்து வெளிப்புறம் போகின்றன.

நான்காவது சாட்சி நம் வீட்டு வாசலிலேயே இருக்கின்றது. சென்னைக்கு அருகில் பல்லாவரத்தில் உடைக்கப்படும் கருங்கல்லுக்கு நிலநூலார் 'சார்னோகைட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கல்கத்தாவில் புதைக்கப்பட்ட ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் சமாதிக்கு இந்தக் கல் போனதால் ஏற்பட்ட பெயர் அது. இந்த இனத்துக் கல் இலங்கையிலும், மடகாஸ்கரிலும், அண்டார்க்டிகாவின் கிழக்குப் பாகத்திலும் இருக்கின்றது. உடைந்த பானையின் ஓடுகளை ஒன்று சேர்க்கும் போது விளிம்பும் பொருந்தி, மேலே போட்ட கோடும் பொருந்தினால், அது ஒரே பானை என்பதைச் சொல்லச் சாஸ்திரிகள் தேவையா?

இன்னும் ஒரு சாட்சி உண்டு. பூஜை அறையில் பெட்டிக்குள் துளசி சாற்றி வைக்கப்பட்டிருக்கிறது! அதுதான் சாளக்கிராமம். நேபாளத்துக் கண்டகி நதியில் அகப்படுகின்ற அந்தக் கருங்கல்லுக்குள் தெரிவது விஷ்ணு சக்கரமல்ல. அம்மோனைட் என்ற கடல் பிராணியின் சுருண்ட ஓடு. பல கோடி வருஷங்களுக்கு முன் கடலில் வாழ்ந்து செத்துக் கல்லாய்ப் போன பிராணி ஹிமாலயத்தின் உயரத்திற்கு எப்படி வந்தது? தெற்கே இருந்து நகர்ந்து வந்த இந்திய நிலம், ஏறத்தாழ 5 கோடி வருஷங்களுக்கு முன் ஆசியாவின்மேல் மோதியது. இடையிலிருந்த கடலின் அடித்தரை நசுங்கி மடிந்து மேலே எழும்பியது. அந்த மடிப்புத்தான் ஹிமாலயம். எவரெஸ்ட் சிகரத்தின் உச்சிப் பாறையே பழைய கடலடிச் சுண்ணாம்புக் கல். ஹிமாசலம் என்று பெயர் வைத்தார்களே, அந்த 'அசலம்' நகர்ந்து வந்ததனாலேயே உண்டானது! பால் அபிஷேகம் செய்கிறவருக்கு அந்தக் கல் சொல்லும் இந்தச் சரித்திரம் தெரியாது. தெரிந்தவர் அபிஷேகம் செய்ய மாட்டார்.

இவ்வளவு சாட்சியம் இருந்தும் பண்டிதர்கள் வேகனரை ஒப்புக் கொண்டார்களா? இல்லை. 1926-இல் நியூயார்க்கில் கூடிய நிலநூல் மகாநாட்டில் பலர் பரிகசித்தார்கள். இவரை ஒப்புக் கொண்டால் 70 வருஷ காலமாகப் படித்ததையெல்லாம் மறந்து விட்டு மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டுமே என்று ஒருவர் சொன்னதாக அங்கே எடுத்துக் காட்டப்பட்டது. இதைப் பார்க்கும் போது நம் ஊர்ப் பழமைவாதியின் குரல் நினைவுக்கு வருகிறதா இல்லையா?

ஆனால் நாம் ஒன்றை மறைக்கக் கூடாது. எதிர்த்தவர்கள் சொன்னதெல்லாம் மூடத்தனம் அல்ல. "இத்தனை பெரிய நிலத்தை எந்தச் சக்தி தள்ளுகிறது?" என்று கேட்டார்கள். வேகனர் காட்டிய சக்திகள் போதவே போதா என்று ஜெப்ரீஸ் என்ற இங்கிலீஷ் கணித நிபுணர் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கு சரி. கிரீன்லாந்து வருஷத்திற்குப் பல மீட்டர் நகருகிறது என்று வேகனர் சொன்னதும் தப்பு. அவர் 1930-இல் அதே கிரீன்லாந்தின் பனியில் மாண்டு போனார். அவருக்குச் சிலை வைத்து, அவர் சொன்ன தப்பையும் சேர்த்து வேதமாக்கிக் கொள்ள எவரும் முன்வரவில்லை. ஆர்தர் ஹோம்ஸ் என்பவர், பூமிக்குள் சூட்டினால் ஏற்படும் மெதுவான சுழற்சியே நிலத்தை இழுக்கக் கூடும் என்று யோசனை சொன்னார். தென் ஆப்பிரிக்காவின் டு டாயிட் 1937-இல் மேலும் சாட்சியம் தேடி வெளியிட்டார். தப்பை விட்டு, சரியை வைத்துக் கொண்டு, அடுத்தவன் வேலையைத் தொடர்ந்தான். இதற்குத்தான் விஞ்ஞானம் என்று பெயர்.

பிறகு கடலின் அடித்தரையே வாய் திறந்தது. 1950-களில் மேரி தார்ப் என்ற அம்மையார், கப்பல்கள் எடுத்து வந்த ஆழக் கணக்குகளை வைத்து அட்லாண்டிக் கடலடியைப் படமாக வரைந்தார். பெண் என்பதற்காக அவரைக் கப்பலில் ஏற்றாதிருந்த காலம் அது. நடுக்கடலில் நீண்டு கிடக்கும் மலைத் தொடரின் முதுகில் பிளவு ஒன்று ஓடுவதை அவர் காட்டிய போது, கூட வேலை செய்தவரே அதைப் பெண் பேச்சு என்று தள்ளினார். பின்னர் அவரே ஒப்புக் கொள்ள நேர்ந்தது. அந்தப் பிளவின் வழியாகப் புதிய பாறை கசிந்து வந்து கடலடி இரு பக்கமும் விரிகிறது என்று ஹெஸ் என்ற அமெரிக்கர் 1962-இல் எழுதினார்.

இதற்கு ருஜு நம் இந்து மகா சமுத்திரத்திலிருந்தே கிடைத்தது. உருகிய பாறை ஆறும் போது அன்றைய காந்தத் திசை அதில் பதிந்து விடுகிறது. பூமியின் காந்தமோ அவ்வப்போது வடக்கு தெற்காகத் திரும்பி விடுவது உண்டு. ஆகையால் பிளவின் இரு பக்கமும், வேட்டியின் இரு கரைகளைப் போல, ஒரே மாதிரிப் பட்டைகள் இருக்க வேண்டும். அரபிக் கடலுக்குத் தெற்கேயுள்ள கார்ல்ஸ்பெர்க் மலைத் தொடரில் எடுத்த அளவுகளைக் கொண்டு வைன், மாத்யூஸ் என்ற இருவர் 1963-இல் இதை எடுத்துக் காட்டினார்கள். கனடா தேசத்து மார்லி என்பவர் இதே கருத்தை எழுதியனுப்ப, இரண்டு விஞ்ஞானப் பத்திரிகைகள் திருப்பி அனுப்பி விட்டன. விஞ்ஞானிகளும் மனிதர்களே. அவர்களிடமும் பிடிவாதம் உண்டு. ஆனால் அங்கே பிடிவாதத்திற்கு ஆயுள் குறைவு. 1968-இல் குளோமார் சேலஞ்சர் என்ற கப்பல் தென் அட்லாண்டிக்கில் கடலடியைத் துளையிட்டுப் பார்த்தது. பிளவிலிருந்து விலக விலகத் தரையின் வயது ஏறிக் கொண்டே போயிற்று. வழக்கு முடிந்தது.

இனி நம்மவர் விஷயத்திற்கு வருவோம்.

'லெமூரியா' என்ற பெயர் தமிழ்ப் பெயரல்ல. ஸ்கிளேட்டர் என்ற இங்கிலீஷ்காரர் 1864-இல் வைத்த பெயர். லெமூர் என்ற குரங்கினப் பிராணிகள் மடகாஸ்கரில் ஏராளமாய் இருக்க, அவற்றிற்குச் சொந்தமான பிராணிகள் இந்தியாவிலும் இருப்பதைக் கண்டு, இடையிலே ஒரு நிலம் இருந்து முழுகியிருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். கண்டங்கள் நகரும் என்று அறியாத காலத்தில் அது நியாயமான ஊகம். பிறகு ஹெக்கல் என்ற ஜெர்மானியர் மனிதனே அங்கே பிறந்திருக்கலாம் என்றார். பிளவாட்ஸ்கி அம்மையார் 1888-இல் தம் ரகசிய ஞானத்தில் அதை ராட்சத மனிதர்களால் நிரப்பினார். அதன் பிறகுதான் நம் புலவர்கள் அதை எடுத்துக் குமரி நாட்டோடு முடிச்சுப் போட்டார்கள்.

இப்பொழுது தோழர்கள் நன்றாய்க் கவனிக்க வேண்டியது ஒன்று. கண்டம் நகர்ந்தது என்ற கொள்கை லெமூரியாவுக்குத் துணை அல்ல. அதுதான் லெமூரியாவைக் கொன்ற கொள்கை! ஏனென்றால் கண்டத்தின் பாறை லேசானது, கடலடியின் பாறை கனமானது. மிதக்கிற கட்டையைக் குளத்தின் அடியிலே போய் உட்காரச் சொல்ல முடியாது. ஆகவே ஒரு கண்டம் அப்படியே முழுகிக் கடலடியாகி விட்டது என்று சொல்ல இடமில்லை என்பதே வேகனருடைய முக்கியமான வாதம். மடகாஸ்கரும் இந்தியாவும் ஒரு காலத்தில் ஒட்டியே இருந்தன. சுமார் 8 கோடியே 80 லட்சம் வருஷங்களுக்கு முன் பிரிந்தன. இடையிலே முழுகுவதற்குப் பெரிய கண்டமொன்று தேவைப்படவில்லை. லெமூர்களோ அந்தப் பிரிவுக்குப் பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து மிதக்கும் மரங்களில் ஏறி மடகாஸ்கர் சேர்ந்தன என்றே இப்பொழுது கருதுகிறார்கள். எந்தக் காரணத்திற்காக லெமூரியாவைக் கற்பித்தார்களோ அந்தக் காரணமே போய் விட்டது.

"மொரீஷியஸ் தீவில் பழைய கண்டத்தின் துகள் கிடைத்ததே" என்று சிலர் கேட்கலாம். கிடைத்தது உண்மை. 2017-இல் வெளியிட்டார்கள். துண்டு நிலங்கள் கிழிந்து மெலிந்து கடலுக்குள் போனதும் உண்மை. ஆனால் அது நடந்தது பல கோடி வருஷங்களுக்கு முன்னால். நம்மைப் போன்ற மனிதன் தோன்றி ஏறத்தாழ 3 லட்சம் வருஷமே ஆகிறது. மனிதனே இல்லாத நிலத்தில் முதற் சங்கம் எங்கே கூடிற்று? யார் தலைமை வகித்தார்கள்? லிஸ்ட்ரோசாரஸா?

"அப்படியானால் கடல் கொண்ட நிலமே இல்லையா?" என்றால், இல்லை என்று நாம் சொல்லவில்லை. சுமார் 20,000 வருஷங்களுக்கு முன் உலகில் பனி மிகுந்திருந்த காலத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதை விட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்பொழுது இலங்கைக்கு நடந்தே போகலாம். பனி உருகிக் கடல் ஏற ஏறக் கரையோரத்து நிலம் முழுகியது. அந்த நினைவு தலைமுறை தலைமுறையாய் வந்ததா என்று ஆராயட்டும். கடலடியில் தேடட்டும். நாம் வரவேற்கிறோம். ஆனால் அடியார்க்கு நல்லார் உரையில் 700 காவதம், 49 நாடு என்று எழுதியிருக்கிறது என்பதற்காக, கடலடியை அளந்தவன் காணாத கண்டத்தை நாம் கண்டதாகச் சொன்னால், சாளக்கிராமத்தில் சக்கரம் கண்டவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அவன் புராணம் சமஸ்கிருதத்தில் இருக்கிறது, நம் புராணம் தமிழில் இருக்கிறது என்பது தானா வித்தியாசம்?

தமிழனுக்குப் பெருமை வேண்டாமா என்று கோபிக்கலாம். வேண்டும். கீழடியில் மண்ணைத் தோண்டி எடுத்துக் கிடைத்ததை வைத்து, கி.மு. 6-ஆம் நூற்றாண்டு என்று 2019-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அறிக்கை வெளியிட்டது. தோண்டிப் பார்த்து, பானை ஓட்டைக் கையில் வைத்துக் கொண்டு பேசும் பெருமை அது. மறுப்பவன் வந்தால் வாதாடலாம். கையில் ஓடும் இல்லாமல் கண்டத்தையே கேட்டால், உள்ள பெருமையையும் சந்தேகப்பட வைப்போம். பொய்யான நூறு சாட்சி, மெய்யான ஒரு சாட்சியையும் கெடுத்து விடும்.

இதெல்லாம் படித்தவர்கள் பொழுதுபோக்கு, உழைக்கிற ஜனங்களுக்கு இதனால் என்ன என்று எவரும் நினைக்க வேண்டாம். 1934-ஆம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி பீகாரில் பூகம்பம் உண்டாகிப் பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அது தீண்டாமை என்ற பாவத்திற்குக் கடவுள் தந்த தண்டனை என்று காந்தியார் சொன்னார். ரவீந்திரநாத் தாகூர் அதைக் கண்டித்தார். தீண்டாமையை ஒழிப்பதற்கு மனிதத் தன்மை போதாதா, பூகம்பம் வந்து சாட்சி சொல்ல வேண்டுமா? இந்திய நிலம் ஆசியாவை முட்டிக் கொண்டே இருப்பதனால் ஹிமாலயத்தின் அடியில் இறுக்கம் ஏறி, பொறுக்க முடியாத போது பாறை உடைகின்றது. உடையும் போது மேலே இருப்பவன் தீண்டினவனா தீண்டாதவனா என்று அது பார்ப்பதில்லை.

2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதியை நம் கரையோரத்து மக்கள் மறந்திருக்க முடியாது. இந்திய நிலத்தகடு சுமத்ராவுக்கு அருகில் மற்றொரு தகட்டின் கீழ் நுழைகிற இடத்தில், 1,200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளம் பிளந்தது. அப்பொழுது நம் நாட்டில் காலை 6.30 மணிக்குச் சற்று முன். அலை நம் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரத்தில் நாகப்பட்டினத்துக் குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு எவ்வளவு தூரம் போயிருக்கலாம்! பசிபிக் சமுத்திரத்தில் 1949 முதலே எச்சரிக்கை நிலையம் இருந்தது. நம் சமுத்திரத்தில் இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் மாண்டார்கள். அதன் பிறகே 2007-இல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது. கடல் மாதா கோபித்தாள் என்று சொன்னவர்களால் ஓர் உயிரும் பிழைக்கவில்லை. பிழைக்க வைக்கப் போவது, நிலம் நகர்கிறது என்று அறிந்து, எங்கே நகர்கிறது, எங்கே முட்டுகிறது என்று அளந்து வைத்திருப்பவனுடைய அறிவுதான்.

ஆகவே, தோழர்களே! ஒரு செய்தி நமக்குப் பிடித்திருக்கிறதா என்று பார்க்காதீர்கள். அதற்கு ருஜு இருக்கிறதா என்று பாருங்கள். எதிரியின் புராணத்தைக் கேட்ட அதே கேள்வியை நம் புராணத்தையும் கேளுங்கள். கரையோரத்தில் இருப்பவர்கள் எச்சரிக்கை வரும் வழி என்ன, ஏறிப் போக வேண்டிய மேட்டு நிலம் எது என்று இன்றே விசாரித்து, பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். அசலம் என்று பெயரிட்ட மலையே ருஜுவுக்கு முன்னால் அசைந்து கொடுத்து விட்டது. நம் புத்தி மாத்திரம் அசைய மாட்டேன் என்று உட்கார்ந்திருக்க வேண்டுமா என்று கேட்டு இதை முடிக்கின்றோம்.